மனச்சோர்வும் குளூட்டமேட் ஏற்பிகளும்: ஓர் எளிய விளக்கம்

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் மனநலம் பற்றிய பேச்சு எழும்போது இரண்டு வாக்கியங்கள் இப்போது அடிக்கடி காதில் விழுகின்றன. "மூளையில ஏதோ கெமிக்கல் கொறஞ்சு போச்சாம், அதான் மாத்திரை குடுத்திருக்காக" என்பது ஒன்று. "அஜினோமோட்டோ போட்டதையே தின்னுக்கிட்டிருந்தா நரம்பு கெட்டு மனசும் கெட்டுப்போகும்" என்பது மற்றொன்று. முதல் வாக்கியம், பேய்க்கோளாறு என்றும் செய்வினை என்றும் சொல்லி அலைக்கழிப்பதைவிட எவ்வளவோ மேல். நோயாளியை மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையையாவது அது செய்கிறது. ஆனால் இரண்டு வாக்கியங்களுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்தான்: மூளை என்பது ஒரு குழம்பு, அதில் ஒரு பொருள் கூடினாலோ குறைந்தாலோ மனம் கெட்டுவிடும் என்பது.

சில ஆண்டுகளாகக் கெட்டமின் என்ற மயக்க மருந்து மனச்சோர்வை மணிக்கணக்கில் தணிப்பதாகச் செய்திகள் வரத் தொடங்கியபின், இந்தக் கணக்கில் குளூட்டமேட்டும் சேர்ந்துகொண்டது. "குளூட்டமேட் கூடினால் மனச்சோர்வு, குறைத்தால் குணம்" என்று காணொளிகளில் சுருக்கிச் சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் குளூட்டமேட் எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வியைவிட, அது மூளையில் எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்த ஏற்பியின் மீது வந்து அமர்கிறது என்ற கேள்வியே முக்கியமானது. அதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

தட்டில் இருப்பதும் மூளையில் இருப்பதும்

குளூட்டமேட் என்பது ஓர் அமினோ அமிலத்தின் வடிவம்; புரதமுள்ள எல்லா உணவிலும் அது இருக்கிறது. 1908ஆம் ஆண்டு ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகெதா, கொம்பு என்னும் கடற்பாசியை வேகவைத்த சாற்றுக்கு அதற்கே உரிய சுவை எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பிரித்தெடுத்தது இதைத்தான். அதன் சோடியம் உப்புதான் பின்னர் அஜினோமோட்டோ என்ற பெயரில் கடைக்கு வந்தது. தக்காளியிலும் கருவாட்டிலும் தாய்ப்பாலிலும்கூடக் குளூட்டமேட் இயல்பாகவே உண்டு.

நாம் உண்ணும் குளூட்டமேட்டில் பெரும்பகுதியைக் குடலின் செல்களே எரிபொருளாகச் செலவழித்துவிடுகின்றன. மிஞ்சியது இரத்தத்தில் கலந்தாலும், மூளையின் இரத்தக் குழாய்ச் சுவர்கள் அதை எளிதில் உள்ளே விடுவதில்லை. தனக்கு வேண்டிய குளூட்டமேட்டை மூளை பெரும்பாலும் குளுக்கோஸிலிருந்து தானே தயாரித்துக்கொள்கிறது. ஆகவே சாலையோரக் கடை ஃப்ரைடு ரைஸ் மூளையின் குளூட்டமேட்டை ஏற்றிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அந்தத் தட்டைக் குறை சொல்ல எண்ணெயும் உப்பும் போதுமான காரணங்கள்.

மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள் இருக்கின்றன. ஒரு செல் மற்றொன்றோடு செய்தி பரிமாறும் இடத்துக்கு நரம்பிணைப்பு என்று பெயர். அங்கே இரண்டு செல்களும் ஒட்டியிருப்பதில்லை. ஒரு மில்லிமீட்டரை 50,000 பங்காகப் பகுத்தால் வரும் ஒரு பங்களவு இடைவெளி நடுவில் உண்டு. அனுப்பும் செல் ஒரு வேதிப்பொருளை அந்த இடைவெளியில் உமிழ, பெறும் செல் அதை உணர்கிறது. இந்த வேதிப்பொருளே நரம்புக்கடத்தி.

செரட்டோனின் என்ற நரம்புக்கடத்தியின் பெயர் பலருக்கும் பழக்கமானது. ஆனால் அதைத் தயாரிக்கும் செல்கள் மூளையில் சில லட்சம்தான். மூளையின் வெளியடுக்கான பெருமூளைப் புறணியின் நரம்பிணைப்புகளில் பெரும்பான்மையானவை குளூட்டமேட்டைக் கொண்டே பேசுகின்றன. குளூட்டமேட் பெறும் செல்லைக் கிளர்த்துகிறது. காபா என்ற மற்றொரு கடத்தி அதை அடக்குகிறது. விந்தை என்னவென்றால், காபா தயாராவதே குளூட்டமேட்டிலிருந்துதான். இவற்றில் ஒன்றை நல்லது என்றும் மற்றதைக் கெட்டது என்றும் பிரிப்பது அதனாலேயே பொருளற்றதாகிவிடுகிறது.

ஏற்பி என்னும் வாயில்

பெறும் செல்லின் மேற்பரப்பில், கடத்தி வந்து அமர்வதற்கென்றே அமைந்த புரதத்துக்கு ஏற்பி என்று பெயர். குளூட்டமேட்டுக்கான ஏற்பிகளில் முக்கியமானவை, நடுவில் துளையுள்ள வாயில்களாகவே அமைந்திருக்கின்றன. குளூட்டமேட் அமர்ந்ததும் வாயில் திறக்க, மின்னூட்டம் பெற்ற அணுக்களாகிய அயனிகள் செல்லுக்குள் பாய்கின்றன.

இவ்வாயில்கள் எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல என்பதுதான் விஷயத்தின் மையம். அதைப் புரிந்துகொள்ள இந்தக் கரையில் பாம்பன் பாலத்தைவிட நல்ல உவமை கிடைக்காது. பாலம் இறங்கிக் கிடக்கும்போதும் உயரம் குறைந்த வள்ளங்கள் அடியில் நுழைந்து போய்விடுகின்றன. அவற்றுக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். பெரிய கப்பலோ அப்படியல்ல. அது வந்து நங்கூரமிட்டு நிற்பதால் மட்டும் தூக்குப்பாலம் உயர்ந்துவிடாது. துறைமுக அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். அந்த நேரத்தில் ரயில் இருக்கக் கூடாது. காற்றும் நீரோட்டமும் இடம் கொடுக்க வேண்டும். எல்லாம் ஒருங்கே அமைந்தால்தான், 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் 72.5 மீட்டர் நீள நடுப்பகுதி நேராக மேலெழும்.

ஆம்பா என்ற ஏற்பி வள்ளத்துக்கான வழி. குளூட்டமேட் அமர்ந்தவுடன் திறந்து, சோடியத்தை உள்ளே விட்டு, ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்தில் மூடிக்கொள்கிறது. மூளையின் அன்றாட விரைவுச் செய்திகள் இதன் வழியாகவே போகின்றன.

என்எம்டிஏ என்ற ஏற்பிதான் தூக்குப்பாலம். அதன் மீது குளூட்டமேட் அமர வேண்டும். கிளைசின் அல்லது டி-செரின் என்ற துணைப்பொருளும் கூடவே அமர வேண்டும். இரண்டும் அமர்ந்த பின்னும் அது வேலை செய்யாது, ஏனெனில் செல் அமைதியாக இருக்கும்வரை ஒரு மக்னீசியம் அயனி அதன் துளையை அடைத்துக்கொண்டிருக்கும். ஆம்பா வழியாகச் சோடியம் போதுமான அளவு நுழைந்து செல் ஏற்கெனவே கிளர்ந்திருந்தால் மட்டுமே மக்னீசியம் விலகும். 1984இல் இந்த அடைப்பு கண்டறியப்பட்டபோதுதான், இந்த ஏற்பி ஏன் அவ்வளவு தயங்குகிறது என்பது விளங்கியது. அனுப்பும் செல் பேசுகிறது என்பதற்குக் குளூட்டமேட் சாட்சி. பெறும் செல் விழித்திருக்கிறது என்பதற்கு மக்னீசியம் விலகியது சாட்சி. இரு பக்கமும் ஒரே நேரத்தில் இயங்குவதை என்எம்டிஏ ஏற்பி இப்படித்தான் கண்டுகொள்கிறது.

உவமை இதற்குமேல் உதவாது. பாலத்தின் அடியில் போகும் கப்பல் பாலத்தை மாற்றுவதில்லை. என்எம்டிஏ வழியே நுழையும் கால்சியமோ செல்லையே மாற்றுகிறது. கால்சியம் வலுவாகப் பாய்ந்தால் அந்த இணைப்பில் புதிய ஆம்பா ஏற்பிகள் பொருத்தப்பட்டு இணைப்பு உறுதிப்படுகிறது. சிறிது சிறிதாக நீண்ட நேரம் கசிந்தால் இருக்கும் ஆம்பா ஏற்பிகளும் அகற்றப்பட்டு இணைப்பு நலிகிறது. கற்பதும் மறப்பதும் இப்படித்தான் நிகழ்கின்றன.

மூன்றாவது வகை கைனேட் ஏற்பி. மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் எடுக்க மன்னார் வளைகுடாவில் மூழ்கும் பெண்களுக்குச் சிவப்புப் பாசி வகைகள் நன்றாகத் தெரியும். அந்த இனத்தைச் சேர்ந்த டிஜீனியா என்ற பாசியிலிருந்து 1950களில் ஜப்பானியர் பிரித்தெடுத்த கைனிக் அமிலம், முதலில் குடற்புழு மருந்தாகவே பயன்பட்டது. அது நரம்புச் செல்களைக் கடுமையாகக் கிளர்த்துவது பின்னரே தெரியவந்து, அதற்கு வசப்படும் ஏற்பிக்கு அதன் பெயரே நிலைத்தது. துளையில்லாமல் மெதுவாக வேலை செய்யும் வேறு எட்டு வகைக் குளூட்டமேட் ஏற்பிகளும் உண்டு. நம் விளக்கத்துக்கு அவை தேவைப்படா.

இதுவரை பார்த்தது: குளூட்டமேட் மூளையின் முதன்மையான கிளர்த்தும் கடத்தி. ஆம்பா ஏற்பி விரைவுச் செய்தியைக் கடத்துகிறது. என்எம்டிஏ ஏற்பி இரு செல்களும் ஒருங்கே இயங்கும்போது மட்டும் திறந்து, கால்சியத்தை உள்ளே விட்டு, இணைப்பின் வலிமையை மாற்றுகிறது.

மனச்சோர்வில் எது கெடுகிறது?

மனச்சோர்வு என்பது துக்கம் மட்டுமன்று. குறைந்தது இரண்டு வாரமாக, நாளின் பெரும்பகுதியும் மனம் கனத்திருப்பது அல்லது எதிலும் பிடிப்பில்லாமல் போவது, அதோடு தூக்கமும் பசியும் கவனமும் கெடுவது என்று மருத்துவர்கள் அதை வரையறுக்கிறார்கள். இலங்கைக் கடற்படை பிடித்துப்போன கணவனுக்காகக் காத்திருக்கும் பெண் அழுவது நோயன்று. அவன் திரும்பி வந்து மாதங்கள் ஆன பின்னும் அவளால் அடுப்பு மூட்ட எழுந்திருக்க முடியவில்லை என்றால் அதைக் கவனிக்க வேண்டும்.

நீண்டகால மன அழுத்தத்துக்கு ஆளான விலங்குகளின் மூளையில், முன்மூளையின் சில பகுதிகளில் நரம்புச் செல்களின் கிளைகள் சுருங்குவதும் நரம்பிணைப்புகள் குறைவதும் திரும்பத் திரும்பக் காணப்பட்டிருக்கின்றன. முன்மூளை என்பது திட்டமிடும், உணர்ச்சியைக் கட்டுக்குள் வைக்கும் பகுதி. அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதியிலோ கிளைகள் பெருகுகின்றன. ஒரே தலைக்குள், ஒரே கடத்தியைக் கொண்டு பேசும் செல்களில், ஓரிடத்தில் இணைப்பு தேய்கிறது, மற்றோரிடத்தில் வளர்கிறது. "மூளையில் குளூட்டமேட் கூடிவிட்டது" என்ற ஒற்றை வரி இந்த இடத்தில்தான் உடைந்துபோகிறது.

மேலும் ஒரு சான்று. மனச்சோர்வோடு வாழ்ந்து இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்தபோது, முன்மூளையில் கிளையா செல்கள் குறைந்திருப்பதாக 1998, 1999ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் கூறின. நரம்புச் செல்களுக்குத் துணையாக இருக்கும் செல்களே கிளையா. இடைவெளியில் சிந்திய குளூட்டமேட்டை உடனுக்குடன் உறிஞ்சி எடுப்பது அவற்றின் முக்கிய வேலைகளுள் ஒன்று. அவை குறைந்தால் குளூட்டமேட் அதிக நேரம் தங்கி, இணைப்பைவிட்டு வெளியே கசிந்து, இணைப்புக்கு வெளியே இருக்கும் என்எம்டிஏ ஏற்பிகளையும் தொடும். அங்கே தொடப்படும் ஏற்பிகள் இணைப்பை வளர்ப்பதற்குப் பதிலாகச் செல்லுக்குத் தீங்கையே தூண்டுகின்றன என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

உயிரோடிருப்பவரின் மூளையில் குளூட்டமேட்டை அளக்கக் காந்த அதிர்வு நிறமாலை என்ற ஸ்கேன் முறை உண்டு. மனச்சோர்வில் முன்மூளையின் நடுப்பகுதியில் அளவு குறைந்திருப்பதையும், மனச்சோர்வும் அளவுமீறிய எழுச்சியும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறில் கூடியிருப்பதையும் பல ஆய்வுகள் காட்டின. ஆனால் அந்த ஸ்கேன் அளப்பது செல்களுக்குள் சேமிப்பாகவும் எரிபொருளாகவும் இருக்கும் குளூட்டமேட் அனைத்தையும் சேர்த்துத்தான். நரம்பிணைப்பின் இடைவெளியில் என்ன நடக்கிறது என்பது அதற்குத் தெரியாது. இதனால்தான் இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ செய்து "உங்களுக்குக் குளூட்டமேட் கோளாறு" என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடிவதில்லை. அப்படிச் சொல்லி யாராவது பரிசோதனை விற்றால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கெட்டமின் காட்டிய வழி

பழைய மனச்சோர்வு மருந்துகள் செரட்டோனின், நார்அட்ரினலின் போன்ற கடத்திகளின் மீது வேலை செய்பவை. அவை இடைவெளியில் செரட்டோனினைச் சில மணி நேரத்திலேயே உயர்த்திவிடுகின்றன; நோயாளிக்குத் தெளிவு பிறக்கவோ வாரங்கள் ஆகின்றன. பொருள் குறைந்ததுதான் நோய் என்றால், பொருள் கூடியதும் குணம் தெரிய வேண்டுமே? அந்த மருந்துகளுமே கடைசியில் நரம்பிணைப்புகளை மெல்ல மெல்லச் சீரமைப்பதன் வழியாகவே பயன்தருகின்றன என்று இப்போது எண்ணப்படுகிறது. அதற்காக அவை பயனற்றவை என்று பொருளில்லை. ஏராளமானோருக்கு அவை வேலை செய்கின்றன; ஏன் வேலை செய்கின்றன என்பதற்குச் சொல்லப்பட்ட பழைய விளக்கம்தான் போதவில்லை.

கெட்டமின் 1962இல் தயாரிக்கப்பட்டு, 1970இல் அமெரிக்காவில் மயக்க மருந்தாக ஏற்கப்பட்டது. நம்மூர் அரசு மருத்துவமனைகளின் அறுவை அரங்குகளுக்கும் அது பழகிய மருந்துதான். மயக்கத்துக்குத் தருவதைவிடக் குறைந்த அளவில், உடல் எடையில் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் வீதம், 40 நிமிடம் இரத்தக் குழாய் வழியாக ஏற்றியபோது மனச்சோர்வு தணிந்ததை 2000ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மிகச் சிலரிடம் கண்டார்கள். 2006இல் அமெரிக்க தேசிய மனநல நிறுவனம், பிற மருந்துகளுக்கு இணங்காத 18 பேரிடம் சோதித்தது. ஒரே நாளில் 71 விழுக்காட்டினரிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரிந்தது. ஒரு வாரம் வரை அது நீடித்தது சுமார் மூன்றில் ஒருவரிடமே.

கெட்டமின் என்எம்டிஏ ஏற்பியின் துளைக்குள் புகுந்து அடைக்கிறது. இங்கேதான் புதிர் தொடங்குகிறது. மருந்து சில மணி நேரத்தில் உடலைவிட்டு நீங்கிவிடுகிறது. பயன் மட்டும் நாட்கணக்கில் தங்குகிறது. அப்படியானால் பயன் தருவது அடைப்பு அன்று. அடைப்பு தொடங்கிவைத்த ஏதோ ஒன்று.

பரவலாக ஏற்கப்படும் விளக்கம் இது. கெட்டமின் முதலில் தொடுவது, காபாவைச் சுரந்து மற்றவற்றை அடக்கிவைக்கும் செல்களிலுள்ள என்எம்டிஏ ஏற்பிகளை. அடக்குபவை ஓய்ந்ததும், முன்மூளையில் குளூட்டமேட் சற்று நேரம் பொங்கி எழுகிறது. அது ஆம்பா ஏற்பிகளைத் தூண்ட, செல்லுக்குள் வளர்ச்சிப் புரதங்கள் உருவாகிப் புதிய நரம்பிணைப்புகள் முளைக்கின்றன. ஆம்பா ஏற்பிகளை முன்கூட்டியே அடைத்துவிட்ட எலிகளில் கெட்டமின் பலிக்கவில்லை. எலிகளின் முன்மூளையில் 24 மணி நேரத்துக்குள் புதிய இணைப்பு முனைகள் தோன்றுவதை 2010இல் கண்டார்கள். 2019இல் நடந்த ஆய்வு இன்னும் நுட்பமானது: எலிகளின் நடத்தை முதலில் தேறியது, முனைகள் அதற்குப் பின்னரே முளைத்தன, அந்த முனைகளைக் குறிவைத்து அழித்தபோது, கிடைத்த தேற்றமும் மறைந்தது. அதாவது முதல் சில மணி நேரத் தெளிவுக்கு ஒரு காரணமும், அது நிலைப்பதற்கு மற்றொரு காரணமும் இருக்கின்றன. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் நம்பிக்கையளிக்கும் கண்டுபிடிப்பு இதுதான்.

கவனிக்க வேண்டியது, குளூட்டமேட்டைக் குறைப்பதாகச் சொல்லப்படும் மருந்து முன்மூளையில் அதைச் சிறிது நேரம் கூட்டுகிறது என்பது.

ஐயங்களும் உண்டு. கெட்டமின் ஏறும்போது உடல் மிதப்பது போலவும் தன்னைவிட்டுத் தானே விலகியது போலவும் இருக்கும். ஆகவே தனக்குக் கிடைத்தது உண்மை மருந்தா வெறும் உப்புநீரா என்பதை நோயாளி எளிதில் ஊகித்துவிடுவார். ஊகித்தால் நம்பிக்கையே பாதி மருந்தாகிவிடும். இதைத் தவிர்க்க, அறுவைக்காக முழு மயக்கத்தில் இருந்த 40 பேரிடம் சோதித்து 2023இல் வெளியான ஆய்வில், கெட்டமின் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. இரு தரப்பும் தேறின. மயக்க மருந்துகளே அந்தச் சோதனையைக் குழப்பியிருக்கலாம் என்ற பதிலும் உண்டு. வழக்கு இன்னும் முடியவில்லை.

இதுவரை பார்த்தது: கெட்டமினின் பயன் என்எம்டிஏ ஏற்பியில் தொடங்குகிறது, ஆம்பா ஏற்பி வழியாகப் போகிறது, புதிய இணைப்புகளில் நிலைக்கிறது. ஏற்பியை அடைப்பது முதல் படி மட்டுமே.

அடைத்தால் நல்லது என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. அதற்கு இரண்டு சான்றுகள். மெமான்டின் என்ற மறதிநோய் மருந்தும் என்எம்டிஏ ஏற்பியைத்தான் அடைக்கிறது. மனச்சோர்வுக்கு அது பயன்படவில்லை.

இரண்டாவது சான்று ஒரு நோய். உடலின் எதிர்ப்பாற்றலே என்எம்டிஏ ஏற்பிகளைத் தாக்கி, செல்லின் மேற்பரப்பிலிருந்து அவற்றை நீக்கிவிடும் மூளையழற்சி ஒன்று 2007இல் விவரிக்கப்பட்டது. இளம்பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது; சிலரிடம் கருப்பையருகே சினைப்பைக் கட்டியும் இருக்கும். தூக்கமின்மை, காரணமற்ற அச்சம், இல்லாத குரல் கேட்பது, சிரிப்பும் அழுகையும் மாறி மாறி வருவது என்று தொடங்கி, சில நாள்களிலோ வாரங்களிலோ வலிப்பும், வாய் கோணி அசைவதும், பேச்சு நிற்பதும் சேர்ந்துகொள்ளும். முதல் வாரத்தில் பார்ப்பவருக்கு இது மனநோய் போலவே தெரியும். நம் பக்கத்தில் பலருக்குப் பேய்க்கோளாறு போலவும் தெரியும்.

மனநோயாளிகளைத் தர்காவுக்குக் கொண்டுவரும் ஊரான ஏர்வாடியின் பெயரை இங்கே தவிர்க்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கிருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களில் 28 பேர் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை எவ்வகையிலும் தடை செய்கிறது. தர்காவில் வேண்டிக்கொள்வது அவரவர் நம்பிக்கை. அதோடு மருத்துவமும் நடக்கலாம். ஆனால் நேற்றுவரை நன்றாக இருந்த பெண்ணுக்கு மனக்குழப்பத்தோடு காய்ச்சலோ வலிப்போ விநோத அசைவோ சேர்ந்தால், ஒரு நாளும் தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவர் இருக்கும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். தண்டுவட நீரைச் சோதித்து இந்நோயை உறுதிப்படுத்தலாம். ஸ்டீராய்டு போன்ற மருந்துகளால் பெரும்பாலோர் தேறுகிறார்கள்.

மருந்துச் சீட்டில் இவை எங்கே இருக்கின்றன

கெட்டமினில் கலந்திருக்கும் இரண்டு வடிவங்களில் ஒன்றான எஸ்கெட்டமின் என்ற மூக்குத் தெளிப்பை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019 மார்ச்சில் ஏற்றது. அதை வீட்டுக்குத் தந்தனுப்புவதில்லை. மருத்துவமனையிலேயே போட்டுக்கொண்டு குறைந்தது இரண்டு மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும். இரத்த அழுத்தம் ஏறலாம் என்பதும், போதைப் பழக்கமாகலாம் என்பதும் காரணங்கள். தொடர்ந்து தவறாகப் பயன்படுத்தினால் சிறுநீர்ப்பை கெடும். இந்தியாவிலும் கெட்டமின் கடும் கட்டுப்பாட்டுக்குரிய எக்ஸ் அட்டவணையில் இருக்கிறது. வேறு இரண்டு மருந்துகளாவது உரிய அளவில் பலிக்காமல் போன பிறகே மருத்துவர்கள் பெரும்பாலும் இதை எண்ணிப்பார்க்கிறார்கள். தனக்கோ வீட்டில் ஒருவருக்கோ வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், டெலி மானஸ் எண்ணான 14416ஐ எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே அழைக்கலாம்.

இருமுனைக் கோளாறில் தரப்படும் லாமோட்ரிஜின் என்ற மாத்திரை, நரம்புச் செல் மிகையாகக் குளூட்டமேட்டை உமிழ்வதைக் குறைக்கிறது. வலிப்புக்கும் இதே மாத்திரைதான். இதில், நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்குகடலுக்குப் போகிறவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இம்மாத்திரையை மிகக் குறைந்த அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் சிறிது சிறிதாகத்தான் ஏற்றுவார்கள், ஏனெனில் திடீரென்று முழு அளவு உடலில் சேர்ந்தால் சிலருக்குத் தோல் கொப்பளித்து உரியும் கடுமையான ஒவ்வாமை வரக்கூடும். மாத்திரை அட்டையை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போய், நாலைந்து நாளுக்குமேல் மாத்திரை இல்லாமல் இருந்தவர், கரைக்கு வந்ததும் பழைய அளவையே எடுத்து விழுங்கக் கூடாது. மருத்துவரைக் கேட்டு மறுபடியும் அடியிலிருந்து தொடங்க வேண்டும். உடலில் தடிப்போ வாயில் புண்ணோ தெரிந்தால் மாத்திரையை அப்போதே நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். போகும்போது அட்டையையும் கையோடு எடுத்துச்செல்ல வேண்டும்.